வெள்ளைக்காரருக்குத் தயார் செய்த வீடு

சென்னை விமான நிலையத்தில் எங்களை வரவேற்க வந்தவர்கள் எங்களைப் பார்க்கவே இல்லை. எங்களுக்குப் பின்னால் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். எங்களை அழைத்திருந்த கிறிஸ்தவ சபையின் செயலாளர், எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிய அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். நான் போய் அந்த அட்டைக்கு நேர் கீழே நின்று, "அண்ணே, அது நாங்கதான்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். திரும்பவும் அந்த வெள்ளைக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் அதற்குள் டாக்சி பிடிக்கப் போய்விட்டிருந்தார்கள்.

"தமிளா?" என்றார்.

பாவம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாங்கள் இலங்கை மலைநாட்டில், நுவரெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அங்கே கிறிஸ்தவர்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு கணக்கு வழக்கும் கிடையாது. என் மாமனார் தன் மகனுக்குப் பழைய வெள்ளைக்காரத் துரையின் பெயரை அப்படியே முழுசாகத் தூக்கி வைத்துவிட்டார். எங்களை அனுப்பிய மிஷனரி ஐக்கியம், 'வெளிநாட்டிலிருந்து ஒரு ஊழியக் குடும்பம் வருகிறது' என்று ஆங்கிலத்தில் எழுதியது. செயலாளரும் மரியாதைக்கு ஆங்கிலத்திலேயே பதில் எழுதினார். இரண்டு பக்கமும் தமிழர்கள் உட்கார்ந்துகொண்டு அகராதியைப் புரட்டிப் புரட்டி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் அவருடைய ஏமாற்றத்தின் அளவு எனக்குப் புரிந்தது. மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவே, கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே திரும்பினால் வருகிற கிராமம். ஊர்த்தெருவில் ஒரு மாடி வீடு, கீழ்ப்பகுதி எங்களுக்கு. செயலாளர் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். ஸ்டாஃப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும், வெள்ளைக்காரர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கைபேசியில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருக்கிறார். கழிப்பறையில் பளபளவென்று வெஸ்டர்ன் கோப்பை, பக்கத்தில் காகிதச் சுருள். வாளியும் இல்லை, மக்கும் இல்லை. சமையலறையில் முள்கரண்டி, கத்தி, ஓவன், அலமாரி நிறைய ஜாம் பாட்டில். அரிசி இல்லை, வாணலி இல்லை, தோசைக்கல் இல்லை. கூடத்துச் சுவரில் பனிமலைப் படம் ஒன்றை மாட்டியிருந்தார். எங்களுக்கு ஊர் ஏக்கம் வரக்கூடாதாம்.

நாங்கள் ரொட்டியில் ஜாம் தடவிச் சாப்பிடுவதைச் செயலாளரின் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்கலாமா கூடாதா என்ற தயக்கத்தோடு, "சோறு சாப்புடுவீங்களாம்மா?" என்றார். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. அரைமணி நேரத்தில் அவர் வீட்டிலிருந்து சோறும் கானாங்கெளுத்திக் குழம்பும் வந்தன. அன்றைக்கு அந்தக் குழம்பு வராமலிருந்தால் மறுநாளே நான் விமானம் ஏறியிருப்பேன்.

ஏனென்றால் அது சித்திரை மாதம். எங்கள் மலையில் சித்திரையிலும் விடியற்காலைக்குக் கம்பளி வேண்டும். நான் என்ன நினைத்தேனோ, பெட்டியில் பாதி இடத்துக்கு ஸ்வெட்டராக அடைத்துக்கொண்டு வந்திருந்தேன். இங்கே மின்விசிறி அடுப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல் காற்றைக் கொடுத்தது. செயலாளர் ஆசையாக மாட்டிவைத்த ஏசி, கரண்ட் அழுத்தம் போதாமல் உறுமிவிட்டு அணைந்துவிடும். முதுகெல்லாம் வேர்க்குரு. குழாயில் உப்புத் தண்ணீர், தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நாராகிவிடும். இவருக்கு, அதாவது என் கணவருக்கு, ஒன்றும் ஆகவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஊழியத்துக்குப் போய்விட்டு, வெயிலில் முகம் கறுத்து, ஆனால் சந்தோஷமாகத் திரும்பி வருவார். எனக்கு அவரைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும். 'கர்த்தர் கூப்பிட்டது உங்களைத்தானே, என்னை ஏன் இழுத்துக்கொண்டு வந்தீர்கள்' என்று ஒரு நாள் கேட்டும்விட்டேன். அவர் ஈரத்துணியை எடுத்து என் முதுகில் வைத்தார்.

ஒரு நாள் உச்சி வெயிலில் யாரோ கதவை இடித்தார்கள். மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா. ஐம்பதை ஒட்டிய வயது, கனத்த குரல். படாளம் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ வந்தவர். கணவருக்கு நிலமும் உண்டு, லாரியும் உண்டு. அதுவரை என்னைக் கண்டால் 'குட்மார்னிங் மேடம்' என்று மட்டும் சொல்லிவிட்டு மாடி ஏறிவிடுவார். அன்றைக்கு அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா மேடம், இந்த வெயில்ல அத்தினி ஜன்னலையும் தொறந்து வெச்சினு கீறீங்களே" என்று உள்ளே வந்து எல்லாவற்றையும் அவரே சாத்தினார். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வரும், அப்போது கிழக்கு ஜன்னலை மட்டும் திறக்க வேண்டும், சாயங்காலம் மாடித் தளத்தில் தண்ணீர் தெளித்துவிட்டால் கீழே கொஞ்சம் தணியும், குழந்தைக்குப் போடுகிற பவுடரை முதுகில் போடாதே, நுங்குத் தண்ணீரைத் தடவு என்று அடுக்கினார். சொல்லிக்கொண்டே இருந்தபோது 'மேடம்' போய் 'ஏம்மா' ஆகி, கிளம்பும்போது 'நீ' ஆகிவிட்டது. எனக்கும் அவர் அக்காவாகிவிட்டார்.

அதன் பிறகு அந்த வீடு மெல்ல மெல்ல என் வீடாயிற்று. பனிமலைப் படத்தைக் கழற்றி அந்த ஆணியில் துணிப்பையை மாட்டினேன். ஸ்வெட்டர்களைத் தலையணை உறைக்குள் திணித்துத் தலையணையாக்கினேன். ஓவனுக்குள் எறும்புக்குத் தப்பிய சர்க்கரையும் வெல்லமும் குடியேறின. அக்கா மாடியிலிருந்து கிண்ணத்தில் குழம்பு அனுப்புவார். கிண்ணத்தை வெறுமனே திருப்பி அனுப்பலாமா? நான் எங்கள் ஊர்த் தேங்காய்ச் சம்பலை வைத்து அனுப்புவேன். அக்காவின் கணவரான வீட்டுக்காரருக்கு அந்தச் சம்பல் என்றால் உயிர். லாரி ஷெட்டிலிருந்து போன் போட்டு, 'கீழ் வூட்டு சட்னி கீதா' என்று கேட்பாராம்.

இந்த இடத்தில்தான் நான் வந்த முதல் வாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். செயலாளர் சாயங்காலம் வந்து, இவரை விட்டுவிட்டு என்னிடம் பேச வேண்டும் என்றார். சுற்றி வளைத்துப் பேசினார். இந்த ஊரில் யாராவது எங்களிடம் 'பூர்வீகம் எது' என்று கேட்பார்கள். கேட்டால் சிலோன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் எந்த ஊர் என்று கேட்டால், தெரியாது என்று சொல்லிவிட வேண்டும்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். தெரியாதா? எங்களுக்கா தெரியாது? கடலைத் தாண்டினால் சாதி கரைந்துவிடும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில் அது கரையவில்லை. எந்த லயத்தில் யார், யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் பந்தியில் உட்காரலாம் என்பதெல்லாம் மலை மேலேயும் வந்து சேர்ந்திருந்தது. என் பாட்டனாரின் தகப்பன் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து போனவர் என்பதும், ஊரிலிருந்து அல்ல, ஊருக்கு வெளியே இருந்த சேரியிலிருந்து போனவர் என்பதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இப்போது அதைக் காலனி என்கிறார்கள். செயலாளரும் காலனிதான். சபையில் முக்கால்வாசிப் பேர் காலனிதான். அவர்களுடைய தாத்தாக்கள் இந்த ஊர்க்காரர்களின் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். பேரப்பிள்ளைகள் கல்பாக்கத்திலும் ரிசார்ட்டுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் வேலை பார்க்கிறார்கள், கார் ஓட்டுகிறார்கள், நர்ஸாக இருக்கிறார்கள்.

"நம்ம ஆளுங்கதான்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி பாஸ்டரம்மா" என்றார் அவர். "அதனாலதான் பயமா கீது."

பயத்துக்குக் காரணம் இருந்தது. இதற்கு முன்னால் வந்த போதகர்கள் யாருக்கும் ஊர்த்தெருவில் வீடு கிடைக்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துபோனார்கள், பிறகு அதுவும் நின்றது. இந்த முறை வெளிநாட்டு மிஷனரி என்றதும் வீட்டுக்காரர் மறுபேச்சு இல்லாமல் சம்மதித்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குச் சபைக்காரர்கள் வருவார்கள் என்றதற்கும் தலையாட்டினார். வெள்ளைக்காரன் வீட்டுக்கு யார் வந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? நாங்கள் வந்து இறங்கியபோது அவரும் கொஞ்சம் முழித்தார்தான். ஆனால் சிலோன் பாஸ்போர்ட் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்தானே, விட்டுவிட்டார். வெளிநாட்டுக்காரருக்குச் சாதி கிடையாது. தமிழ் பேசுகிற வெளிநாட்டுக்காரர் விஷயம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

அந்த வீடு போனால் எங்கள் கதையும் முடிந்தது. ஒழுங்கான வீடு ஒன்று இருந்தால்தான் இருக்கலாம், இல்லையென்றால் திரும்பி வாருங்கள் என்பது எங்களை அனுப்பியவர்கள் போட்ட நிபந்தனை. சபைக்கு அதைவிடப் பெரிய இழப்பு. முதல் வெள்ளிக்கிழமை சபையே திரண்டு வந்தது. செயலாளர் கேட்டருகே வண்டியை நிறுத்திவிட்டு நின்றுகொண்டே இருந்தார். உள்ளே வாங்கண்ணே என்று நான் போய்க் கூப்பிட்டேன். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்ததும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பெயிண்ட் அடிக்க, பைப்பு போட, எத்தினியோ வாட்டி உள்ள வந்துகீறேன். உக்கார்றதுக்கு வந்தது இன்னிக்குத்தான்" என்றார். சொல்லிவிட்டு ஜெபப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

இவரிடம் சொன்னேன். கேட்காத வரைக்கும் நாமாகச் சொல்ல வேண்டாம், கேட்டால் பொய் சொல்ல வேண்டாம் என்றார். போதகர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நடுவழி கிடைத்துவிடுகிறது. அதில் நடக்க வேண்டியவள் நான்தான்.

பத்து மாதம் யாரும் கேட்கவில்லை. அக்கா கேட்டதெல்லாம் வேறு. எங்கள் ஊரில் நெருப்புக் குழிக்குப் பக்கத்திலா தூங்குவார்கள், அட்டை கடித்தால் என்ன செய்வார்கள், எனக்குப் பிள்ளை ஏன் இல்லை. கடைசிக் கேள்வியை அவர் கேட்ட விதத்தில் எனக்குக் கோபமே வரவில்லை. பதிலைக் கேட்டுவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிவிட்டார். எனக்கு அந்த ஊரில் அவரைவிட நெருக்கமாக யாரும் இருக்கவில்லை. வந்த மாதத்தில் எப்போது திரும்புவோம் என்று ஏங்கியவள், பங்குனி பிறந்தபோது, பதினோரு மாத அக்ரிமெண்ட் முடியப் போகிறதே என்று கவலைப்பட ஆரம்பித்திருந்தேன். புதுப்பித்துவிடுவார்கள், அதில் சந்தேகமில்லை என்று அக்காவே சொல்லியிருந்தார்.

பங்குனியில் மாடியில் வடாம் போட்டோம். விடிந்ததும் கூழ் கிளறி, வெயில் ஏறுவதற்குள் பழைய வேட்டியை விரித்து, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பிழிந்துகொண்டிருந்தோம். அக்கா ஏதேதோ பேசிக்கொண்டே வந்தவர், பிழிகிற நாழியை அழுத்திக்கொண்டே கேட்டார். "உங்க கொள்ளுத் தாத்தாலாம் இங்கேர்ந்து போனவங்கதான? எந்த ஊரு?"

சிலோன் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தது எனக்குத் தலை பின்னிவிட்ட மனுஷி. அவரிடம் பொய் சொன்னால் அதற்குப் பிறகு அந்த மாடியில் என்னால் உட்கார முடியாது.

"செங்கல்பட்டுப் பக்கம்னு சொல்வாங்க அக்கா. ஊர் இல்லை. காலனி" என்றேன்.

அவருடைய கை நின்றது. நாழியிலிருந்து கூழ் ஒரே இடத்தில் குவிந்தது.

"நான் சும்மா வாய் வார்த்தைக்குக் கேட்டேன்" என்றார். "நீ இன்னாத்துக்கு நெசத்த சொன்ன? இப்ப எனக்குத் தெரிஞ்சிபோச்சே. நான் இன்னா பண்றது?"

அவர் கோபப்படவில்லை. நான் அவர் தலையில் ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டதுபோல் முகம் சோர்ந்துபோனது. கூழ் ஆறிவிட்டால் பிழிய வராது, புளித்தும் போகும். அதனால் இருவரும் மிச்சத்தைப் பிழிந்து முடித்தோம். இறங்கும்போது அவர் வழக்கம்போல் என் பங்கு வடாமைக் காய்ந்ததும் அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை.

அந்த வாரம் மாடியிலிருந்து கிண்ணம் வரவில்லை. நான் சம்பல் அரைத்து வைத்துவிட்டு, அனுப்பலாமா என்று யோசித்து, நாங்களே சாப்பிட்டோம். படியில் எதிர்ப்பட்டால் அவர் 'வெயிலு ஓவரா கீது' என்பார், நான் ஆமாம் என்பேன். உண்மை சொன்ன நிம்மதி என்று பிரசங்கத்தில் சொல்வார்களே, அது எனக்கு ஒரு நாள்கூட வரவில்லை.

அடுத்த வாரம் வீட்டுக்காரர் கீழே வந்தார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அக்ரிமெண்ட் பத்திரத்தோடு வந்து உட்கார்ந்தார். அக்கா சொன்னாரா, தெருவில் யாராவது மோப்பம் பிடித்துச் சொன்னார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இவரிடம் மிகவும் மரியாதையாகப் பேசினார். நாங்கள் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம், வாடகை கூட்டவில்லை, எங்களை அவர் வேறுமாதிரி பார்க்கவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்.

"வெள்ளிக்கெழம கூட்டம் மட்டும் இங்க வாணாம் சார். அவங்கதான் சர்ச்சு வெச்சினு கீறாங்களே, அங்கியே வெச்சிக்கட்டும். தெருவுல பேச்சு வருது."

தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போயிருப்பேன். இரண்டு நாளில் சொல்கிறோம் என்றார் இவர்.

செயலாளருக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்து, இந்த முறை கேட்டிலேயே நின்று, விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றார். சபைக்காரர்கள் இந்த வீட்டுக்கு வராவிட்டால் என்ன, போதகர் ஊரில் இருப்பதுதான் முக்கியம், ஆஸ்பத்திரிக்குப் போகவோ சாவுக்கு ஜெபிக்கவோ கூப்பிட்டால் ஓடிவர ஒருவர் இருந்தால் போதும் என்றார். எங்களுக்காக அவர் அவ்வளவு எளிதாகத் தன் நாற்காலியை விட்டுக்கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. முதலில் வெளியே வந்தது கோபம்தான்.

"அண்ணே, உங்க தம்பி வீடு பூட்டித்தானே கிடக்கு?" என்றேன்.

அவருடைய தம்பி செங்கல்பட்டில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டான். காலனியில், சர்ச்சுக்கு இரண்டு வீடு தள்ளி, அரசாங்கம் அவனுக்குக் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு பூட்டிக்கிடந்தது. முதல் நாளிலிருந்தே அந்த வீடு அங்கேதான் இருந்தது. அதை எங்களுக்குக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இப்போதும் பதறினார். இரண்டு அறைதான், தாழ்ந்த கூரை, கழிப்பறை வெளியே, அதுவும் இந்தியன் மாடல், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை அங்கே எப்படி வைப்பது என்றார். எங்கள் லயத்து வீடு ஒற்றை அறை, அதில் ஏழு பேர் படுத்து எழுந்தோம், கழிப்பறை மலைக்கு அந்தப் பக்கம் என்று நான் சொன்னேன். அவர் நம்பாததுபோல் என்னைப் பார்த்தார். பதினோரு மாதமாக நான் ஒரு வெள்ளைக்காரி இல்லை என்பதை அந்த மனிதர் முழுசாக ஏற்றுக்கொள்ளவே இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இவர் எங்களை அனுப்பியவர்களுக்குப் போன் போட்டார். அவர்களுக்கு வீடு என்று ஒன்று இருந்தால் சரி, எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அதுவும் ஒரு கிருபைதான்.

சாமான் மாற்றுவதற்கு வீட்டுக்காரர் தன்னுடைய குட்டியானை வண்டியையும் டிரைவரையும் அனுப்பினார். வண்டி வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கட்டில், பாத்திரம், ஓவன், ஸ்வெட்டர்த் தலையணைகள் எல்லாம் ஏறின. அவரே நின்று கயிறு கட்டினார். கடைசியில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பாக நினைக்கக்கூடாது என்றார். நினைக்கவில்லை என்றார் இவர். நான் நினைத்தேன். ஆனாலும் அவர் கட்டிய கயிறு நல்ல இறுக்கமாக இருந்தது, வழியில் ஒரு கரண்டிகூட விழவில்லை.

அக்கா இறங்கி வரவில்லை. மாடிக் கதவு சாத்தியிருந்தது. போய்வருகிறேன் என்று சொல்ல நான் படி ஏறினேன், பாதியில் நின்றேன். உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. கதவைத் தட்டினால் அவரும் என் முகத்தைப் பார்க்க வேண்டும், நானும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இறங்கிவிட்டேன். வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் பார்க்கிறானே என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். வீடு போனதற்காக இல்லை.

காலனி வீட்டை மதியமே பெண்கள் கழுவி விட்டிருந்தார்கள். கூரை அனல் கக்கியது. கிழக்குப் பக்கம் ஒரே ஒரு ஜன்னல், அதைச் சரியான நேரத்தில் திறந்தேன், கடல்காற்று வந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. உள்ளே இடம் போதாமல் பாதிப் பேர் தெருவில் பாய் விரித்து உட்கார்ந்து ஜெபித்தார்கள். செயலாளர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எனக்குப் போட்டார். நான் அவரை அதில் உட்காரச் சொன்னேன். இரண்டு பேரும் உட்காராமல் அது நடுவில் கிடந்தது. இரவுச் சோறு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. காலையில் பால் காய்ச்சிவிட்டுத்தான் அடுப்பில் உலை வைக்க வேண்டும் என்று செயலாளரின் மனைவி சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா.

"பால் காய்ச்சிட்டியா?" என்றார். வேறு எந்த விசாரணையும் இல்லை.

இன்னும் இல்லை என்றேன்.

"காய்ச்சாத. நான் எடுத்துகினு வந்துகினு கீறேன். என் வூட்ல குடியிருந்தவ, நான் இல்லாம பால் காய்ச்சிடுவியா நீ?" பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. பின்னால் லாரி போகிற சத்தம் கேட்டது. "டேங்கு கிட்ட நின்னுகினு கீறேன். எந்தப் பக்கம் திரும்பணும்னு தெர்ல. வழி சொல்லு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. தண்ணீர் டேங்க் ஊர்த்தெருவின் கோடியில், எல்லோரும் பஸ் ஏறுகிற இடத்தில் இருக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் தினமும் பார்க்கிற டேங்க். அதற்குப் பக்கத்தில்தான் எங்கள் தெரு பிரிகிறது. இத்தனை வருடத்தில் அவர் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

வழி சொல்லவில்லை. அங்கேயே நில்லுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு, வாயைக் கொப்பளித்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தெருமுனையில், டேங்க் நிழலில், அக்கா புதுப் புடவை கட்டி, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். ஒரு கையில் பால் தூக்கு, இன்னொரு கையில் புதுப் பாத்திரம், அதற்குள் என் பங்கு வடாம். பஸ்ஸுக்கு நின்ற ஊர்க்காரர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் நின்றுகொண்டிருந்தார்.

தூக்கை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. வழியை மட்டும் காட்டச் சொன்னார். நான் கையை நீட்டிக் காட்டினேன். அங்கே நின்றால் எங்கள் வீட்டு வாசல் தெரிகிறது, திரும்பினால் அவர் வீட்டு மாடியும் தெரிகிறது. அவர் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"இவ்ளோ கிட்டவா கீது?" என்றார்.